அறுத்த அட்டைகள்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் காற்று. மொட்டை மாடியில் துணி போடவில்லை.

ரிப்போர்ட் வந்துவிட்டது. வயிற்றில் ஹெச். பைலோரி கிருமி. வழக்கமாய்க் கொடுக்கிற மருந்தில் இரண்டுக்கு அது சாகாதாம். போதாததற்கு, புண்ணை ஆழமாக்கும் ஜீன் ஒன்றும் அதனிடம். விட்டுவைத்தால் புற்றுநோய்வரை போகலாம் என்றார் டாக்டர்.

"இந்த ரெண்டு மருந்தும் முன்னாடி அடிக்கடி சாப்பிட்டிருக்கீங்களா?"

"வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கார் சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கிளம்பும்போது சொன்னார்: ஒரே வீடு, அவருக்கும் இதே கிருமி இருக்கலாம், கூட்டி வாருங்கள். தலையாட்டினேன்.

ஜூன் 4, புதன்

சொல்லவில்லை. இவரிடம் சொல்லப் போவதும் இல்லை.

பதினெட்டு வருடம். மாத்திரை அட்டையை அறுத்து இரண்டு, மூன்று என்று விற்றது போக மிஞ்சுவது, தேதி முடியப் போவது, எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்கு. டப்பா வீட்டுக்கு. வயிறு எரிந்தால் இரண்டு. பேதிக்கு மூன்று. டாக்டரிடம் போகிறேன் என்றதற்குக் கடையில் நின்றவர்கள் முன்னால் சிரித்தார்: "இவளுக்கு நோவு வயித்துல இல்ல, மனசுல."

நான் பி.எஸ்சி. தாவரவியல். அரைகுறையாய் மருந்து தின்றால் கிருமி பழகிவிடும் என்று பரீட்சையில் எழுதியவள். எழுதிவிட்டு, விழுங்கினேன். அந்தக் கோபம் என்மேல். மீதி முழுக்க இவர்மேல்.

ஜூன் 9, திங்கள்

புது மருந்து ஆறாம் நாள். நாலு வேளை. நாக்கு கறுப்பு, வாயில் இரும்பு ருசி. ஒரு வேளை தவறவில்லை.

பினாயில், ரவை, தையல்காரரிடம் ரவிக்கை.

இவருக்கு மூன்று நாளாய் நெஞ்செரிச்சல். டப்பாவில் கைவிட்டார். எனக்கு வேலை செய்யாத அதே மாத்திரை. தண்ணீர் நான்தான் கொடுத்தேன். தொண்டையில் இறங்கும்வரை பார்த்தேன். இனித்தது.

ஜூன் 12, வியாழன்

கடையில் மீன்காரம்மா. "இன்னா நைனா, வயிறு எரிஞ்சுகினே கீது. அன்னிக்கு குட்த்தியே, அத்த ரெண்டு குடு."

இவர் ஒரு கையில் கத்தரி, மறு கையால் தன் வயிற்றை அழுத்திக்கொண்டு. சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். இவளோடு எனக்கென்ன பகை? ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி அனுப்பினேன். இவர் முறைத்தார். முறைக்கட்டும்.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி பெஞ்சு. ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

காலையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இவருக்கு வாந்தி. காப்பித் தூள் நிறம். அது ரத்தம் என்று இருவருக்கும் தெரியும். பயத்தில் இவருக்குத் தெற்கத்தி ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"உன் டாக்டர் என்னையப் பத்தி எதுவும் சொன்னாராட்டி?"

"சொன்னார். ஷட்டரை இறக்குங்க, சொல்றேன்."

"கடை நேரம்லா?"

வாசலில் நாலு பேர். அவர்கள் பார்க்க இறக்கினார். ஆட்டோவில் பாதிதான் சொன்னேன். கிருமி மட்டும்.

இப்போது பெயர் கூப்பிடுகிறார்கள். ஜீனையும் புற்றுநோயையும் பற்றி டாக்டர் சொல்லட்டும். நானும் உள்ளே போகிறேன். அப்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.