நடு அறைக்குக் கீழே

முள்ளியவளை
12.08.2023

ஸம்ஹா,

கோபம் என்று இல்லை. உன் அழைப்புகளை எடுக்காதது, எடுத்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்பதால்தான். எழுதினால் கொஞ்சம் யோசிக்கலாம்.

வவுனியாவுக்கு இடமாற்றம் வந்ததும் முதலில் உனக்குத்தான் சொன்னேன், உனக்கென்றால் வீட்டை விற்கலாம் என்று. நீயும் உன் கணவர் முன்ஸிரும் பார்க்க வருவீர்கள் என்று அம்மா இடியப்பம் அவித்து வைத்திருந்தா. வந்தது ஒரு என்ஜினியர். நீங்கள் அனுப்பியதாகச் சொன்னார். கூரையில் ஏறினார். சுவரில் ஈரம் பார்த்தார். நடு அறையின் நிலத்தைக் கம்பியால் தட்டினார். ஓரிடத்தில் சத்தம் மாறியது.

“கீழ என்ன இருக்கு?”

“பங்கர், சண்டை நேரம் ஷெல்லுக்கு ஒளிய வெட்டினது,” என்றேன். எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் அம்மா சொன்னா: “உன்னைப் பொம்பிளை பாக்க வந்தவைகூடப் பல்லைத் தட்டிப் பாக்கேல்லையடி.”

இங்கே தெரிந்தவர்களிடம் வாங்குகிறவர்கள் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். என் சொல் போதாதா?

கஜனி

*

புத்தளம்
25.08.2023

அன்பின் கஜனி,

உனக்கும் அம்மாவுக்கும் சுகம் வேண்டித் துஆச் செய்கிறேன். அந்த இடியப்பத்துக்கு நான் வந்திருக்க வேண்டும்.

முல்லைத்தீவில் வாப்பாவின் வீட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. முன்ஸிரும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. இன்னொரு வீடென்றால் கீழே மேலே எல்லாம் பார்த்துவிட்டுத்தான் என்று நின்றார். உன்னிடம் முதலில் கேட்காதது என் பிழை.

பங்கரை மூடிய மண் இறுகவில்லை என்று என்ஜினியர் சொன்னார். தோண்டிக் கல்லும் மணலும் போட்டு இறுக்கினால் பயமில்லையாம். அதை நாங்கள் செய்வோம். வீட்டை வாங்குகிறோம்.

ஒன்று மட்டும். வவுனியாவில் படிக்கும்போது மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். பங்கர் என்று ஒரு நாளாவது நீ சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குள் நீ இருந்தாயா?

ஸம்ஹா

*

முள்ளியவளை
03.09.2023

அன்புள்ள ஸம்ஹா,

இருந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அதற்குள்தான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது முறிந்த ஓடுகளையும் மண்ணையும் போட்டு மூடினோம். மேலே வீட்டுத்திட்ட வீடு வந்தது. உனக்கு மறைக்கவில்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

உனக்கு முதல் கடிதத்தைப் போட்ட அன்று பின்னேரம், பக்கத்துக் காணி அப்புத்துரை அண்ணை மகளுக்கென்று வீட்டைக் கேட்டார். அந்த ரோசத்தில் ஓம் என்றுவிட்டேன். உன் கடிதம் வந்தபோது உறுதி எழுதி முடிந்திருந்தது.

நேற்று அவரிடம் போனேன். நடு அறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொன்னேன். உன் என்ஜினியர் சொன்னதையும் சொன்னேன்.

“எனக்குத் தெரியாதோ பிள்ளை?” என்றார். “உங்கட பங்கருக்குள்ள நானும்தானே இருந்தனான்.”

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

தெரிந்தவர்கள் யாரும் கேட்கவில்லை, ஸம்ஹா. நீதான் கேட்டாய். அதைத்தான் நான் அவமானம் என்று நினைத்தேன்.

சாமான் ஏற்ற லொறி வந்துவிட்டது. நடு அறையைக் கூட்டினேன். சாவியை அப்புத்துரை அண்ணையின் மகளிடம் கொடுத்தேன்.

கஜனி