மூன்றாம் மாடியின் நிறம்

மார்ச் 4
துறைமுகத்துப் பழைய கடல் மாளிகையின் முப்பரிமாண மாதிரி முடிந்தது. ஆறு வாரம் லேசர் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். இனி சுவர், படி, உத்தரம் எல்லாம் கணினிக்குள். எந்தத் தளத்தில் எத்தனை சுற்றுலாப் பயணிகள் நிற்கலாம் என்று வரைபடத்தில் நிறமிட்டேன். மூன்றாம் மாடி சிவப்பு. இருபது பேர், அதற்கு மேல் கூடாது. உத்தரங்களின் முனைகளை உப்புக்காற்றும் கரையானும் தின்றிருக்கின்றன.

மார்ச் 9
வழிகாட்டிகளுக்கு அனுப்பிய வரைபடத்தைத் திறந்தேன். மூன்றாம் மாடி பச்சை. எண்பது பேராம். அடியில் என் பெயர்!

எங்கள் தொல்பொருள் அலுவலகத்தின் இயக்குநர் ஹரூபிடம் போனேன். பதினெட்டாம் தேதி கப்பலில் நானூறு பேர் வருகிறார்களாம், எல்லோரும் மேலிருந்து துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

"சுல்தான் காலத்துலேர்ந்து நிக்குது சுவேனா. உன் கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு விழுந்துடுமா? அப்படியே விழுந்தாலும் கீழ யாரு இருக்கா? கீழ் அறை காலின்னு நீதானே போட்டிருக்க."

மேலே நிற்பவர்கள் பறந்துவிடுவார்களா? அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10
அமைச்சகத்துக்கு மூன்று முறை போன். இயக்குநர் வழியாக எழுத வேண்டுமாம். தூ.

மார்ச் 12
மூன்றாம் மாடிக்கு நேர் கீழே உள்ள அறை காலி இல்லை.

உத்தரம் பார்க்கப் போனேன். பூட்டிய கதவுக்குள் குழந்தை இருமியது. பின்படி வழியாகச் சுற்றிப் போனால் ஒரு பெண் — கஸீஜா — தொப்பிக்குப் பூத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். நான் அளந்த அன்று முன்கதவைப் பூட்டிவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார்களாம். நான் பூட்டைப் பார்த்தேன், காலி என்று எழுதினேன். ஒரு தட்டு தட்டிப் பார்க்கவில்லை.

"மேல கூட்டம் நடந்தா சுண்ணாம்பு தலையில கொட்டுது அக்கா. ஆனா எங்கள வரைஞ்சிடாதீங்க. வெளிய தள்ளிடுவாங்க."

ஹரூப் மேல் இருந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பிவிட்டது.

மார்ச் 16
வழிகாட்டிகளின் தலைவர் ஷாமேயிடம் என் சிவப்பு வரைபடத்தை விரித்தேன். மூன்றாம் மாடியின் மேல் விரலை வைத்தார். "ஏறிப் போறது நாங்க, ஹரூப் இல்ல. இருபதுன்னா இருபதுதான்."

கப்பல் நாளில் பிள்ளைகளோடு வெளியே போய்விடும்படி கஸீஜாவிடம் சொன்னேன்.

மார்ச் 18
எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

வழிகாட்டிகள் படியை மறித்து இருபது இருபதாக அனுப்பினார்கள். உரிமத்தைப் பிடுங்குவேன் என்று ஹரூப் கத்தினார். ஒருவரும் நகரவில்லை. மூன்றாவது குழு மேலே இருந்தபோது உத்தரம் முறிந்து தரை ஒரு சாண் இறங்கியது. ஷாமே அத்தனை பேரையும் சுவரோரமாகவே நடத்திக் கீழே கொண்டுவந்தார். அப்புறம் அந்த மூலை அப்படியே விழுந்தது, கஸீஜாவின் பாய் வரைக்கும்.

எண்பது பேர் இருந்திருந்தால்?

மார்ச் 20
வானொலியில் ஹரூப். அலுவலகத்தின் டிஜிட்டல் வரைபடம்தான் உயிர்களைக் காத்ததாம். நாளைய பேட்டிக்குப் பக்கத்தில் உட்கார என்னையும் கூப்பிட்டார்.

"ரெண்டு வரைபடத்தையும் எடுத்துட்டு வரேன் ஐயா. எது காப்பாத்துச்சுன்னு அங்கயே சொல்லிடுங்க."

போனை வைத்துவிட்டார்.

மார்ச் 25
விசாரணை. இரண்டு வரைபடங்களையும் கொடுத்தேன். கீழே ஆள் குடியிருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது, காலி என்று எழுதியது என் தப்பு என்றேன். மாலைக்குள் மாளிகைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். கஸீஜா பிள்ளைகளோடு தெருவில் நின்றாள்.

ஏப்ரல் 3
ஹரூபின் நாற்காலியில் வேறு ஆள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கஸீஜாவும் பிள்ளைகளும் ஒன்பது நாளாக என் முன்னறையில். அவள் என்னோடு பேசுவதில்லை. பேசு என்று எந்த முகத்தோடு கேட்பது?

இன்று காலை வாளியோடு வந்து நின்றாள்.

"இங்க தண்ணி எப்ப வரும்?"

ஆறரைக்கு என்றேன்.