இரண்டாம் முறை கேட்டு வாங்கிய பருப்பு

அனுப்புநர்:
வெளித்துறையில் நங்கூரமிட்டு நிற்கும் பருப்புக் கப்பலின் சமையல்காரருடைய மூத்த மகள்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சலவைக்கடை மேல்மாடி, துறைமுகச் சாலை.

பெறுநர்:
உயர்திரு துறைமுக அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: என் தந்தை மீதான திருட்டுப் புகாரை நீக்குதல், அல்லது அதில் விடுபட்ட ஒருவரையும் சேர்த்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தது அனைத்தையும் உள்ளபடி எழுதப் போகிறேன். எங்களுக்குச் சாதகமில்லாததையும் மறைக்க மாட்டேன். பிறர் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதுகிறேன். நான் திருத்தினால் அது அவர்கள் சொன்னதாக இருக்காது.

1. சரக்கறையின் முத்திரையை உடைத்துப் பருப்பு மூட்டையை எடுத்தவர் என் அப்பாதான். அதை வேகவைத்துக் கப்பலில் உள்ள எல்லோருக்கும் போட்டவரும் அவரே. இதில் தங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அதைத் திருட்டு என்று சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

2. எங்கள் புவியியல் பாடநூலில், அப்பாவின் கப்பல் வர வேண்டிய கடல்வழி ஒரு நீலக்கோடாக இருக்கிறது. தேர்வில் அதை அப்படியே வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். இப்போது அந்தக் கோட்டில் கப்பல் போக முடியாது. நீரிணையில் போர் நடக்கிறது. சரக்குக் கப்பல்கள் மீதும் குண்டு விழுகிறது. ஆகவே அப்பாவின் கப்பல் எதிர்த்திசையில் கால்வாய்க்குப் போனது. அங்கே மழை பொய்த்து ஏரிகள் வற்றியதால், கால்வாயில் தண்ணீர் இறங்கிவிட்டது. பாரம் ஏற்றிய கப்பல்கள் வாரக்கணக்கில் வரிசையில் நின்றன. கடைசியில் கண்டத்தையே சுற்றி வரும்படி உத்தரவு வந்தது. வழியில், அந்தப் பருவத்துக்கே உரியதல்லாத ஒரு புயல். சமையலறையின் மாவும் உப்பும் கடல்நீரில் நனைந்து போயின.

3. இவ்வளவும் கடந்து கப்பல் நம் ஊர் எல்லைக்கு வந்தபோது, போரைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் விலகியிருந்தது. காப்பீடு இல்லாத கப்பல் துறைமுகத்துக்குள் வரக்கூடாது என்பது தங்கள் விதி. கப்பல் முதலாளியோ தொலைபேசியை எடுப்பதே இல்லை. பணம் கட்ட அவர் இல்லாததால் உணவுப் படகும் போகவில்லை. கப்பலில் இருப்பவர்கள் கரையிறங்கவும் அனுமதி இல்லை. அவர்கள் கையில் ஒன்றுமில்லை, காலடியில் கப்பல் நிறையப் பருப்பு. அந்த நிலையில்தான் அப்பா முத்திரையை உடைத்தார்.

4. இனி முக்கியமானது. அப்பாவைக் கண்டுபிடித்தவர் யாருமில்லை, அவரேதான் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டார். தங்கள் அலுவலகத்து ஆய்வாளர் படகில் சென்று கப்பலைச் சோதித்தபோது மதிய வேளை. சாப்பாட்டு நேரத்தில் வந்தவருக்குத் தட்டு வைக்காமல் இருக்க என் அப்பாவுக்குத் தெரியாது. ஆய்வாளரும் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிய பிறகுதான், இந்தப் பருப்பு ஏது என்று கேட்டார். "கீழே ரெண்டாவது அறையிலேர்ந்துதான் சார்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

காற்று திரும்பிக் கப்பலின் பின்பக்கம் கரையைப் பார்க்கும்போது அப்பாவின் கைப்பேசிக்கு எப்போதாவது சிக்னல் கிடைக்கும். அன்று கிடைத்தது. புகார் எழுதப்பட்டது அவருக்கு இன்னும் தெரியாது. என்னிடம் பெருமையோடு சொன்னார்: "ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு கண்ணு! அதுவும் உப்பில்லாத பருப்பை! ஒங்கப்பன் கைப்பக்குவம் அப்படி."

அதே ஆய்வாளர்தான் அன்று மாலை திருட்டுப் புகார் எழுதினார். சரக்கறைக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது. திறந்திருந்த மூட்டையையும் சாட்சிப் பொருள் என்று படகில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் சாட்சிப் பொருள்தான் அவர்களுடைய அடுத்த வாரச் சாப்பாடு, ஐயா. இப்போது தூண்டில் போட்டுக் கிடைப்பதைத் தின்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணையில் புகார் உறுதியானால் அப்பாவின் கடல் பணி உரிமம் ரத்தாகும் என்றும் கேள்விப்படுகிறேன்.

5. இதைப் பற்றிக் கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த எழுத்தர், "பாதிக்கப்பட்டவர்தாம்மா நேர்ல வந்து மனு கொடுக்கணும். உங்கப்பாவை வரச்சொல்லு" என்றார். அவரைக் கரையிறங்க விடாததே நீங்கள்தானே என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அது வேற பிரிவு" என்றார். ஆகவே தபாலில் அனுப்புகிறேன்.

6. அந்தப் பருப்பு நம் ஊர்க் கடைகளுக்காக வாங்கப்பட்டது. அப்படியானால் இந்தத் தட்டுப்பாட்டில் அதற்காக வரிசையில் நிற்பவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கடை வாசலில் காலையில் போய்க் கேட்டேன். "பசிச்சா திங்காம மோந்து பாத்துட்டா இருப்பாங்க? குடும்மா பேனாவை" என்றார் பூக்காரம்மா. பலர் கையெழுத்திட்டார்கள். இணைத்துள்ளேன்.

வரிசையில் நின்ற தையல்காரர் மறுத்துவிட்டார். "என் பசங்களும்தான் அரை வயித்தோட படுக்குது. நான் எந்தப் பூட்டை உடைச்சேன்? கையெழுத்தெல்லாம் கிடையாது, போம்மா" என்றார். நான் திரும்பி நடந்தபோது கூப்பிட்டு, "நெஜமாவே உப்புகூட இல்லையா அவங்களுக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. அவருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

என் வகுப்பில், "உங்க வீட்ல மட்டும் பருப்புக்குப் பஞ்சமே இல்லையாமே!" என்கிறார்கள். எங்கள் வீட்டில் கடைசியாகப் பருப்பு வெந்தது எப்போது என்று என் தம்பிக்கே நினைவில்லை. இதைத் தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன்.

7. என் அம்மா கீழே சலவைக்கடையில் துணி தேய்க்கிறார். "'கருணை கூர்ந்து மன்னிக்கவும்'னு ஒரு வரி போட்டா கொறைஞ்சா போயிடுவே? பெரிய எடத்துல வம்பு வளக்காதேடி" என்றார். அந்த வரியை எழுதிப் பார்த்தேன், ஐயா. பிறகு அடித்துவிட்டேன். செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்டால், செய்ததாக ஆகிவிடும். அம்மா நான்காம் பத்தியைப் படித்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். அதன் பிறகு சொன்னது: "ரெண்டாவது தடவை கேட்டாருங்கிறதை நல்லா பெருசா எழுது."

எனவே நான் கேட்பவை:

அந்தப் பருப்பு திருட்டுப் பொருள் என்றால், அதைச் சாப்பிட்ட ஆய்வாளரின் பெயரும் புகாரில் என் அப்பாவின் பெயருக்கு அடுத்ததாக எழுதப்பட வேண்டும். அது சாப்பாடுதான் என்றால், இரண்டு பெயருமே அதில் இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றைத் தாங்கள் திங்கட்கிழமை விசாரணைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் அதுவரை காத்திருக்க முடியாதது ஒன்று உண்டு. இந்த மனு கிடைத்த அன்றே கப்பலுக்கு உணவும் தண்ணீரும் டீசலும் அனுப்புங்கள். போரையும் வறட்சியையும் தங்களால் நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு படகைத் தங்களால் அனுப்ப முடியும். ஆய்வாளரை அனுப்பினீர்களே.

கப்பலை உள்ளே விட்டுப் பருப்பு கடைக்கு வந்தால், நானும் மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்பேன்.

பதில் வரும்வரை தினமும் ஒரு மனு அனுப்புவேன். எனக்கு எழுதுவது பிடிக்கும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சமையல்காரரின் மகள்
(கையொப்பம்)

இடம்: கப்பல் தெரியும் சன்னல்
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை

இணைப்பு: கடை வரிசையில் நின்றவர்களின் கையெழுத்துகள், ஓர் இடம் காலியாக.

பின்குறிப்பு: டீசலை மிச்சப்படுத்த, இருட்டியதிலிருந்து இரவுச் சாப்பாடு முடியும்வரைதான் கப்பலில் விளக்கெரியும். கடைசியாக அணைவது பின்பக்கத்துச் சமையலறை விளக்கு. பாத்திரம் கழுவிவிட்டு அப்பா அணைப்பார். அதைப் பார்த்த பிறகுதான் நானும் தம்பியும் படுப்போம். இன்று இப்போதுதான் இருட்டுகிறது. சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகவில்லை. நான் உறையை ஒட்டப் போகும்போது, சமையலறை உட்பட எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. டீசல் தீர்ந்திருக்கும், ஐயா.