செபராவ் மீனுக்கு ஆறு ஃப்ளை

பிரிக்பீல்ட்ஸ்,
மார்ச் 2, 2025

அன்புள்ள ரிஷி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். யாழினி இப்போதுதான் கண் அசந்தாள். இரவில் போனைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருப்பதால் தாளும் பேனாவும். லீவு முடிந்து உங்கள் பிந்துலு வேலைக் கேம்புக்குத் திரும்பும் பிரவின் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கூடவே ஒரு டப்பா வரும். சிரிக்காமல் திறந்து பாருங்கள். நீங்கள் விட்டுப்போன ஃப்ளை கட்டும் சாமான்களை எடுத்து, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி நானே மூன்று பூச்சி செய்திருக்கிறேன். இறகு, பாசாரில் கோழிக் கடையில் கேட்டு வாங்கியது. "கோழி வேணாம், எறகு மட்டும் கேக்குற மொத ஆளு நீங்கதான்லா அக்கா," என்றார் கடைக்காரர்.

பிள்ளை பிறந்த இந்த ஏழு மாதத்தில் என் கை நடுங்காத நேரம் இந்தப் பூச்சி கட்டும் நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். கிள்ளானிலிருந்து துணைக்கு வந்திருக்கும் அத்தைக்கோ கோபம். "பச்சப்புள்ள இருக்கிற வீட்ல முள்ள வெச்சிக்கிட்டு உன் புருஷன் மாதிரியே என்னா வெளையாட்டு?" என்கிறார். ஒவ்வொரு முள்ளையும் எண்ணித்தான் பூட்டி வைக்கிறேன்.

உங்கள் கலா

பிந்துலு,
மார்ச் 17

கலாம்மா,

டப்பாவைக் கேம்ப் முழுக்கக் காட்டிவிட்டேன். நேற்று ஆற்றில் ஒரு செபராவ் வந்து கவ்வியது! மீனும் போச்சு, இறகும் போச்சு. மொட்டை முள் மட்டும் திரும்பி வந்தது. போகட்டும், உன் கை நடுங்கவில்லையே, அதுவே எனக்குப் போதும்.

இன்னொன்று. நீ தூங்குவதே இல்லை என்று அம்மா போனில் வருத்தப்பட்டார். மாதக் கடைசியில் வீடு திரும்பும்போது யாழினியையும் கிள்ளானுக்குக் கூட்டிப்போகிறாராம். கொஞ்ச நாள்தான். நானும் சரி என்றுவிட்டேன். கோபிக்காதே.

ரிஷி

பிரிக்பீல்ட்ஸ்,
மார்ச் 23

அன்புள்ள ரிஷி,

படித்துவிட்டு அழுதேன். போனில் பேசினாலும் அழுகைதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மொட்டை முள். நான் போட்டது பூ கட்டும் முடிச்சு! காலேஜ் படிக்கும்போது இங்கே பூக்கடையில் பகுதிநேரம் கட்டிய கை, தானாகவே அதைப் போட்டுவிட்டது. பூக்காம்பு நசுங்கிக் கொடுக்கும், முடிச்சு நிற்கும். இரும்பு நசுங்குமா? இப்போது நூலை அதன் மேலேயே ஐந்து சுற்று சுற்றி, நுனியை உள்ளே இழுத்து இறுக்குகிறேன். ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் குறட்டால் இழுத்துப் பார்த்தேன். முள்தான் வளைந்தது.

இதோ ஆறு. கடையில் நீங்கள் வாங்குவதைவிட என்னுடையது அழகு. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இன்று மத்தியானம் ஆறாவதை முடித்து நிமிர்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒருமுறைகூட எழுந்துபோய் மூச்சைப் பார்க்கவில்லை. பதறி ஓடினேன். யாழினி விழித்துக்கொண்டு, தன் கால் கட்டைவிரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தாள். கதவருகே அத்தை.

"நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இன்னிக்கு இவ்ளோ நேரமா நீ ஓடியாரலையே," என்றார்.

"அப்போ புள்ள இங்கயே இருக்கட்டும் அத்தை."

"எனக்கென்னா ஆசையா? அவன் சரின்னுட்டான், துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். அவனே சொல்லட்டும்."

டாக்டரிடம் போவதை நிறுத்த மாட்டேன். பயம் போய்விட்டது என்றும் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாழினியை அனுப்ப மாட்டேன். என்னைக் கேட்காமல் சொன்ன அந்தச் சரியை நீங்களேதான் திரும்ப வாங்க வேண்டும். அத்தை 31-ஆம் தேதி திங்கட்கிழமை கிளம்புகிறார்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

சந்திரகலா