காட்டு விடுதி வாசலில் மாக்கோலம்

மே 6, திங்கள், 1974

இந்த நோட்டில் பார்த்ததை, கேட்டதை மட்டுமே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அம்மாவைப் பற்றியும் அப்படியே.

தான்சானியா. மேகமூட்டம். ஆவடியில் மார்கழி விடியல் போலக் குளிர். மூன்று மணிக்கு விடுதிக்கு வந்து சேர்ந்தோம். நைனா இங்கே ஜெனரேட்டர் மெக்கானிக். பார்த்து மூன்று வருடம். மெலிந்திருக்கிறார். என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இன்னாமே, பனைமரமாட்டம் வளந்துட்டா!"

நாங்கள் ஒரு மாதம் தங்க மானேஜர் அனுமதி தந்திருக்கிறார். விதியை மீறினால் அடுத்த வண்டியிலேயே ஊருக்கு, திருமுல்லைவாயிலுக்கு. அப்புறம் நைனா லீவில் வர இன்னும் இரண்டு வருடமாம். விதிகள் ஆறு, அறை வாசலில் பலகையில், ஆங்கிலத்தில். அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான்தான் படித்துத் தமிழில் சொன்னேன். மூன்றாவது: சாப்பாட்டுப் பொருள் எதையும் வெளியே வைக்கக் கூடாது.

மாலையில் பார்த்தவை:
வரிக்குதிரை 14 (இரண்டு தரம் எண்ணினேன்).
ஒட்டகச்சிவிங்கி 3. தண்ணீர் குடிக்க முன்கால்களை அகட்டி வைக்கிறது, பாவம்.
யானை எத்தனை என்று எண்ணவில்லை. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். அவ்வளவு பெரிய உடம்பு, காலடிச் சத்தமே இல்லை! பாடப் புத்தகத்தில் இதை ஏன் போடவில்லை?

ஐந்தரைக்கு அம்மா வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மாவில் கோலம் போட்டாள். எட்டுப் புள்ளி. எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. கோலம் சாப்பாடா என்ன?

ஆறு மணிக்கு ஒரு காட்டுப்பன்றி. வளைந்த தந்தம், முகமெல்லாம் முண்டு முண்டாக மரு. முன்கால்களை மடக்கி மண்டியிட்டு, கோலக் கோடுகளை விட்டு விலகாமல் நக்கிக்கொண்டே போனது. அழகே இல்லாத பிராணி. ஆனால் என்ன நிதானம்.

ஜன்னலில் அம்மா: "பாருடீ, இன்னா பக்தியா கும்புடுது!"

நைனா ஓடிவந்தார். "மாவா போட்ட? பன்னி வந்தா பின்னாடியே சிங்கம் வரும்மே!"

"எறும்பு துன்னட்டும்னு போட்டேன்யா. பன்னிக்கு யாரு பத்திரிகை வெச்சா?"

மானேஜரே வந்துவிட்டார். இந்த ஊர்க்காரர், நல்ல உயரம். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயம். யார் செய்தது என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் நைனா. நாளை முடிவு சொல்வதாகச் சொல்லி மானேஜர் போய்விட்டார்.

அம்மா சாப்பிடவில்லை. நைனாவும்.

மே 7, செவ்வாய்

வெயில். ஏழு மணிக்கே ஆபீசுக்குப் போனேன், தனியாக. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: அப்பா சொன்னது பொய். போட்டது அம்மா. பலகையைப் படித்துச் சொன்னது நான். மாவும் உணவுதான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, எங்கள் தெருவில் எறும்புக்காகத்தான் போடுவார்கள்.

"எறும்புக்கா? தினமுமா?"

"தினமும் சார்."

மானேஜர் பெயின்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுவரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஏழாவது விதியை நானே எழுத வேண்டுமாம். தமிழில். 'வாசலில் மாக்கோலம் போடக் கூடாது.' கடைசிச் சொல் கோணல்.

மாலை அம்மா பலகை முன் நின்றாள். "இன்னாடீ எழுதிக்கீது?" படித்துக் காட்டினேன்.

"இந்தக் காட்டுல தமிழு படிக்கிறவன் யாரு கீறான்? எனுக்கும் தெரியாது."

நைனா சிரித்துவிட்டார். "ஊருக்குத் தொரத்துறவளுக்கு எவனாச்சும் போர்டு எழுதுவானா மே? மாசம் பூரா நீ இங்கதான்."

அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ராவுக்கு உனுக்கு இன்னா ஆக்கட்டும்?"

ரசம் கேட்டார். மூன்று தரம் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

வெளியே ஏதோ உறுமுகிறது. சிங்கம்தானாம், ரொம்பத் தூரமாம். அம்மா நைனாவிடம் கேட்கிறாள், "அது இன்னா துன்னும்?"

விளக்கை அணைத்துவிட்டார்கள்.