தம்பித்துரை அண்ணை சாவதற்கு எத்தனை நிமிடம்?

18.08.2025, திங்கள்

இன்று எங்கள் வீட்டுக்குத் தோய்க்கும் நாள். இந்தக் கட்டடத்தில் மெஷின் இரண்டு கிழமைக்கு ஒரு தரம்தான் கிடைக்கும். உடுப்பை மெஷினுக்குள் போட்டுவிட்டுத் தபால்பெட்டியைத் திறந்தால் தம்பித்துரை அண்ணையின் கடிதம், அட்லிஸ்வில்லிலிருந்து.

எங்கள் நாடக மன்றத்தின் கதாநாயகன் அவர்தான். அக்டோபர் 25, வின்டர்தூரில் புது நாடகம்; முடிவில் அண்ணை நஞ்சு குடித்துச் சாக வேண்டும். எழுதியவர் இரவீந்திரன், லுசேர்ணில் ஹோட்டல் சமையல்காரர். இருவரும் ஒன்பது வருடமாகக் கதைப்பதில்லை. அந்த வருட நாடகத்தில் அண்ணை அரசனாகச் செத்துக்கொண்டே இருந்தார். பொறுமை போன இரவீந்திரன் வசனம் முடியுமுன் திரையை இழுத்துவிட்டார். அதிலிருந்து எல்லாம் எழுத்தில், செயலாளராகிய என் வழியாக. அவர்கள் எழுதுவார்கள், நான் டைப் அடித்து மற்றவருக்கு அனுப்ப வேண்டும். கூட்டத்தில் கைதூக்கி எடுத்த தீர்மானம்.

இன்று வந்தது: “ரெண்டு வசனத்தோட நான் சாகமாட்டன். அஞ்சு நிமிசம் வேணும். இல்லையெண்டால் அந்தக் குசினிக்காரனையே வந்து சாகச் சொல்லு.”

நான் அடித்தது: “மதிப்புக்குரிய இரவீந்திரன், தங்கள் வசனங்களை இன்னும் சற்று நேரம் பேசக் கிடைத்தால் மகிழ்வேன்.”

பொய்யா? சுருக்கம் என்று சொல்லலாம்.

27.08.2025, புதன்

லுசேர்ணிலிருந்து பதில்: “நஞ்சு குடிச்ச மனிசன் அஞ்சு நிமிசம் கதைப்பானோ? போன தரம் அவர் செத்ததையே சனம் இன்னும் மறக்கேல்லை. மூண்டுக்கு மேல ஒரு செக்கனும் தரமாட்டன்.”

நான் அண்ணைக்கு: “தங்கள் மரணக் காட்சியைச் சபையோர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் தங்களால் அதைவிட நன்றாகச் செய்ய முடியும்.”

இதில் எந்தச் சொல் பொய்? ஒன்றுமில்லை! பெருமையாகத்தான் இருக்கிறது.

03.09.2025, புதன்

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அண்ணை போன் எடுத்தார். “சனம் இன்னும் மறக்கேல்லையோ, பிள்ளை?” என்று கேட்டார். திரும்பவும் அதையே கேட்டார். ஓம் அண்ணை என்றேன். மூன்று நிமிடம் போதும் என்று அவராகவே சொல்லிவிட்டார்.

வெட்கமாக இருந்தது. அண்ணை இவ்வளவு ஏங்கிப்போய் இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

14.09.2025, ஞாயிறு

மகள் கோபிஷா யூனிவர்சிட்டியில் கட்டுரை எழுதுகிறாள். நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்திய லண்டன் நாடகக்காரர்களின் கடிதங்களைப் பற்றி. நடிகர் வசனம் காணாது என்று எழுதுவாராம், இருந்த வசனத்தையும் நடிகர் விழுங்கிவிட்டார் என்று எழுத்தாளர் எழுதுவாராம், நடுவில் ஒரு மனேஜர் இருவருக்கும் பதில் எழுதிச் சாவாராம். வாசித்துக் காட்டக் காட்ட எனக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. அட்லிஸ்வில்லுக்கும் லுசேர்ணுக்கும் இடையில் இருக்கிற நானல்லவா அந்த மனிதர்!

“அவை ஒரு கடிதத்தையும் எறியேல்லை, அம்மா. அதாலதான் இப்ப எங்களுக்குக் கிடைச்சிருக்கு. நீங்களும் எறியாதீங்கோ,” என்றாள்.

15.09.2025, திங்கள்

கடிதங்களைக் கோத்து வைக்கச் சிவப்பு ஓர்ட்னர் ஒன்று வாங்கினேன். இந்த நாட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தவளுக்கு ஒரு தாளைத் துளை போட்டுக் கோக்காமல் விட மனம் வருமா? இடப்பக்கம் அவர்கள் கையால் எழுதியது, வலப்பக்கம் நான் அடித்து அனுப்பியது, திகதி வாரியாக. மண்டப ஒப்பந்தத்தையும் அதற்குள்ளேயே வைத்தேன். பார்க்க நல்ல வடிவு.

19.10.2025, ஞாயிறு

ஐயோ. என் புத்தியை என்ன சொல்ல.

இன்று மண்டபத்தில் கடைசி ஒத்திகை. ஓர்ட்னரை நேற்றே அங்கே கொண்டுபோய் வைத்திருந்தேன். ரயில் இருபது நிமிடம் பிந்தியது. மண்டபப் பொறுப்பாளர் ஒப்பந்தம் கேட்கிறார் என்று அண்ணை போன் எடுத்தார். சிவப்பு ஓர்ட்னரில் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கோ என்றேன். நானேதான் சொன்னேன்!

போய்ப் பார்த்தால் மேசையில் ஓர்ட்னர் விரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் அண்ணை, மறுபக்கம் இரவீந்திரன். இருக்கிற ஒரு கண்ணாடியை மாறி மாறிப் போட்டு வாசிக்கிறார்கள். இன்னும் ஆறு நாள். நாடகம் போயிற்று, பன்னிரண்டு வருட மன்றமும் போயிற்று என்று நினைத்தேன்.

அண்ணை நிமிர்ந்தார். “‘மதிப்புக்குரிய’ எண்டு நான் ஆருக்கு எழுதினனான், பிள்ளை?”

அழுதுவிட்டேன். இரவீந்திரன் என்னைப் பார்க்கவில்லை, அண்ணையைப் பார்த்தார். “வாங்கோ, வெளியில போய்க் கதைப்பம். இவ எங்களை ரெண்டு மாசமாப் பேய்க்காட்டியிருக்கிறா.”

இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனார்கள். முக்கால் மணித்தியாலம் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து ஒத்திகையைத் தொடங்கினார்கள். என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை.

26.10.2025, ஞாயிறு

நேற்று மண்டபம் நிறைந்தது. கடைசிக் காட்சிக்குத் திரைக் கயிற்றை இரவீந்திரன்தான் கேட்டு வாங்கினார். மூன்று நிமிடம் ஆயிற்று. நான்கும் ஆயிற்று. அண்ணை இன்னும் சாகவில்லை. இரவீந்திரன் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கடைசி மூச்சும் போய், அண்ணையின் கை தரையில் விழுந்து, சனம் கைதட்டத் தொடங்கிய பிறகுதான் இழுத்தார்.

ஐந்து நிமிடம் பத்துச் செக்கன். நான் கைபேசியில் பார்த்தேன்.

04.11.2025, செவ்வாய்

தபாலில் மன்றத்துக்கு ஒரு கடிதம். செயலாளர் மீது முறைப்பாடு. தங்கள் எழுத்தில் கை வைத்தாராம், இனி அவர் வழியாக ஒரு கடிதமும் போகாதாம், தேவையானதைத் தாங்களே நேரில் கதைத்துக்கொள்வார்களாம். முதல் பந்தி அண்ணையின் சாய்ந்த எழுத்து, இரண்டாவது இரவீந்திரனின் குண்டு எழுத்து. கீழே இரண்டு கையெழுத்தும்.

துளை போட்டு இடப்பக்கத்தில் கோத்துவிட்டேன். வலப்பக்கத்துக்கு ஒன்றும் அடிக்கவில்லை.