சுலைகா சொன்னது

பழவேற்காடு,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பு மருமகள் ருகையாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் தங்கை ஜமாஅத்துக்குச் சொல்லி அனுப்பியதை நான் மாற்றிச் சொன்னேன். தவறு அதுதான்.

நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும். விசாரணை பள்ளிவாசல் கூடத்தில் நடக்கும். பெண் எதிர்வீட்டில் இருப்பாள். அவள் பேச்சை வீட்டு ஆண் ஒருவன் எடுத்துப் போவான். உங்கள் வாப்பா இல்லாததால் நான் போனேன். "அடிக்கிறாரு மாமா. குலா கேளுங்க, நிக்காஹ்வ முறிச்சு விடச் சொல்லுங்க. திரும்பிப் போக மாட்டேன்னு சொல்லுங்க, வேற எதுவும் சேக்காதீங்க" என்று மூன்று முறை சொன்னாள் சுலைகா. தெருவைக் கடக்க இருபது அடி. அதற்குள் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. "புள்ள கோவத்துல இருக்கு, புத்தி சொன்னா போயிடும்" என்றேன். ஜமாஅத்தார் அதை எழுதிக்கொண்டு அவளைப் புருஷனோடு அனுப்பினார்கள்.

ரமலான் முடிந்து திரும்பி வந்தாள். இடது காது கேட்கவில்லை. செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் பொன்னேரி டாக்டர். எனக்குச் சோறு வைத்துவிட்டு, கேட்காத காதை என் பக்கம் திருப்பி உட்கார்கிறாள்.

முகத்துவாரம் மறுபடி தூர்ந்துவிட்டது, ஏரியில் இறால் இல்லை. மாமிக்கு முழங்கால் வலி.

மறுவிசாரணை கேட்டால் ஜமாஅத் செயலாளர், "நீங்கதானே பாய் போவும்னு சொன்னீங்க? இப்ப இன்னா மாத்திப் பேசறீங்க?" என்கிறார். ஏழு வெள்ளிக்கிழமை கேட்டேன். எட்டாவதும் கேட்பேன். பொய் சொன்னவன் நான். ஆனால் அவளை அவர்கள் ஒரு வார்த்தை கேட்டார்களா?

நீ மலேசியாவில் ஷரியத் நீதிபதி ஆனபோது, "பொம்பளகிட்ட எவன் போய் தீர்ப்பு கேப்பான்" என்று மீன் ஏலத்தில் நின்று சிரித்தவன் நான். உன் உம்மா அன்று என் வீட்டில் சாப்பிடாமல் போனாள்.

தங்கை வழக்கில் நீ தீர்ப்புச் சொல்லக் கூடாது, தெரியும். அதைக் கேட்கவில்லை. உன் மன்றத்துக்குக் குலா கேட்டு வரும் பெண் எங்கே உட்காருகிறாள், அவள் வாயிலிருந்தே கேட்பது யார், மார்க்கத்தில் அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதிக் கையெழுத்திட்டு நீ அனுப்ப வேண்டும். செயலாளர் அதைக் கூடத்தில் உரக்க வாசிக்க வேண்டும். சுலைகாவை உள்ளே அழைத்து, அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். சுலைகா புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் எப்போதோ சொல்லிவிட்டாள்.

நான் எழுந்து நின்று, மாற்றிச் சொன்னேன் என்று எல்லார் முன்பும் சொல்ல வேண்டும். பிறகு, கூப்பிடும்வரை, எதிர்வீட்டில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அல்லாஹ் உன் நாவை நேராக வைக்கட்டும்.

உன் மாமா,
மீரான்